கேடயத்துக்கு டிக் போட மறந்த நாள்

2024 ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கொட்டகையில் என் சித்தப்பா மகனுடைய வீரன் செத்துப்போனான். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பேச்சாலும் பகடையாலும் ஒரு கதைக்குள் போய் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட ஆரம்பித்து நாலாவது வாரம்தான் அது. கதையை நடத்துகிற டிஎம் நான். என் தம்பி மந்திரவாதி, ப்ளஸ் டூ படிக்கிற சித்தி மகள் கிளெரிக் என்கிற மந்திரம் தெரிந்த பூசாரி, பாபநாசம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சித்தப்பா மகன் ஃபைட்டர், அதாவது வீரன். மூவரும் தங்கள் பாத்திரங்களை மொபைலில் ஒரு மென்பொருளை வைத்து உருவாக்கியிருந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

காப்ளின் என்கிற குட்டி அசுரன் ஒன்று அந்த ஃபைட்டரைத் தாக்கியது. டி20 என்கிற இருபது முகப் பகடையில் 13 விழுந்தது, காப்ளினின் தாக்குதல் எண் 4, மொத்தம் 17. "உன் ஏசி எவ்வளவுடா?" என்று கேட்டேன். ஏசி என்பது அடியைத் தடுக்கும் தற்காப்பு எண். மொபைலைப் பார்த்து "16, அக்கா" என்றான். 17 வந்தால் 16-ஐத் தாண்டிவிட்டது, அடி விழுந்துவிட்டது. சேதம் 7, அவனிடம் மிச்சமிருந்த உயிர்ப்புள்ளி 6. கீழே விழுந்தான். கிளெரிக்கிடம் குணப்படுத்தும் மந்திரம் இருந்தது, ஆனால் முதல் படியில் (லெவல் 1) அவளுக்கு இருந்த இரண்டு மந்திர வாய்ப்பையும் அதற்கு முன்னாலேயே செலவழித்திருந்தாள், அவன் விழுந்த இடத்துக்கு அவளால் ஓடி வரவும் முடியவில்லை. சாவைத் தடுக்கும் உருட்டலில் மூன்று முறையும் பத்துக்குக் கீழே விழுந்தது. அவ்வளவுதான்.

அன்று ராத்திரி எல்லாரும் கிளம்பிய பிறகு அவன் பாத்திரத்தை என் கணினியில் திறந்து பார்த்தேன். பொருட்கள் பட்டியலில் செயின் மெயில் கவசம் இருக்கிறது, அதற்கு எதிரே டிக் இருக்கிறது. அதற்குக் கீழே கேடயம் இருக்கிறது, அதற்கு எதிரே இருந்த சின்னக் கட்டம் காலியாக இருந்தது. கேடயம் வாங்கியிருக்கிறான், கையில் பிடித்திருப்பதாக மென்பொருளுக்குச் சொல்லவில்லை. செயின் மெயிலுக்கு 16, கேடயத்துக்கு 2, மொத்தம் 18 வந்திருக்க வேண்டும். 17 அவனைத் தொட்டே இருக்காது.

அடுத்த வாரம் அவனிடம் காட்டினேன், சாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். "வேண்டாங்க்கா, செத்தது செத்ததுதான்" என்றுவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மென்பொருள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அதற்குச் சொன்னதை வைத்துச் சரியாகக் கூட்டியிருக்கிறது. என்னை உறுத்தியது வேறு. 16 எங்கிருந்து வந்தது என்று அந்த மேசையில் இருந்த நாலு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் "கேடயம் வச்சிருக்கியே, அப்ப 18 தானே" என்று யாராவது கேட்டிருப்போம். அன்றைக்கே தம்பியிடம் அவன் மந்திரத்தைத் தடுக்க எதிரிக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். 13 என்றான். ஏன் 13 என்றால் முழித்தான். எல்லாருக்கும் பொதுவான 8, முதல் படித் தேர்ச்சி எண் 2, அவன் அறிவுக்கு 3. மூன்று எண், அவ்வளவுதான் கணக்கு.

அதிலிருந்து எங்கள் மேசையில் ஒரு வழக்கம் வைத்தோம். புதிதாக வருகிற யாரும் முதல் பாத்திரத்தைத் தாளில் பென்சிலால்தான் உருவாக்க வேண்டும். முதல் படி மட்டும் போதும். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்ணையும் வலிமை, அறிவு போன்ற ஆறு பண்புகளில் எங்கே எதைப் போடுவது என்று முடிவு செய்வது, ஒவ்வொன்றிலிருந்தும் 10 கழித்துப் பாதியாக்குவது, ஏசி, உயிர்ப்புள்ளி, தாக்குதல் எண் இவற்றைக் கையால் கூட்டுவது. முதல் தடவை ஒரு மதியம் முழுக்க ஆகும், பரவாயில்லை. பிறகு அதே ஆளை மென்பொருளில் ஏற்றி இரண்டையும் நேர் பார்க்க வேண்டும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒன்று நாம் ஏதோ விதியைத் தவறவிட்டிருப்போம், இல்லையென்றால் எங்கேயோ டிக் போடாமல் விட்டிருப்போம். நான் பார்த்தவரை கவசம், கேடயம், மந்திரப் பொருளைப் பாத்திரத்தோடு இணைத்ததாகக் குறிப்பது, இந்த மூன்று இடத்தில்தான் அதிகம் தவறுகிறது. அதனால் விளையாட உட்காரும்போது இந்த மூன்றையும் மட்டும் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி அண்ட் டி பியாண்ட் 2017-ல் வந்தது, 2022 முதல் விளையாட்டை வெளியிடும் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது, அடிப்படை விதிகளோடு இலவசக் கணக்கு தருகிறது. இதே மாதிரியான இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை ஆடுகிறவர்களுக்கு ஆண்ட்ராய்டில் பாத்பில்டர் இருக்கிறது. பிசிஜென் என்பது ஜாவாவில் ஓடும் திறமூல மென்பொருள், கணினியில் நிறுவிக்கொண்டால் இணையம் இல்லாமலே வேலை செய்யும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை இலவசமாக ஆடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். 5.1 எஸ்ஆர்டி என்கிற பொது விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதில் ஃபைட்டர், கிளெரிக் போன்ற ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு உட்பிரிவுதான் உண்டு, ஆள் முன்பு என்னவாக இருந்தான் என்கிற பின்னணியும் ஒன்றுதான். ஃபைட்டர் என்றால் சாம்பியன், கிளெரிக் என்றால் லைஃப், அவ்வளவே. அந்தத் தொகுப்பை வைத்துச் செய்த மென்பொருளில் வேறு எதுவும் காட்டவில்லையே, பழுதா என்று தம்பி இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தான். பழுது இல்லை, இலவசமாகக் கிடைப்பது அவ்வளவுதான்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலை பார்ப்பது டிடிபி கடையில். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்போம். எங்கள் கடையில் பைண்டிங் பார்க்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். நான் அச்சடிக்கும் வரைபடங்களையும் பாத்திரத் தாள்களையும் வெட்டிக் கொடுக்கும்போது "என்னம்மா இது, ஆடு புலி ஆட்டமா?" என்று கேட்க ஆரம்பித்து, ஒருநாள் "நானும் வரவா?" என்றார். சந்தோஷமாக அழைத்தேன். மொபைலை அவர் கையில் கொடுத்தேன், மென்பொருளைத் திறந்தேன், முதல் திரையிலேயே நின்றுவிட்டது. எல்லாம் ஆங்கிலம். அவர் ஆங்கிலம் படிக்கமாட்டார். நான் மொழிபெயர்த்துச் சொல்லப் பார்த்தேன். என்ன இனம், எல்ஃபா, ட்வார்ஃபா, ஹாஃப்லிங்கா? என்ன வகுப்பு, பன்னிரண்டில் ஒன்று? "இதுல எது நல்லதும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மொபைலை மூடி வைத்துவிட்டேன். "அண்ணே, அதை விடுங்க. ஒரு ஆள் ஊரை விட்டுக் கிளம்பி வர்றான். அவன் யாரு? என்ன வேலை பார்த்தான்? ஏன் கிளம்பினான்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பசை தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "மடை திறந்து விடுறவன். எந்த வயலுக்கு எப்ப தண்ணி போவணும்னு அவனுக்குத் தெரியும். ஒரு வருஷம் ஆத்துல தண்ணி வரல. ஏன் வரலன்னு பார்க்க ஆத்தோட கரையப் புடிச்சுக்கிட்டு மேற்க நடக்குறான்." எனக்குச் சிலிர்த்துவிட்டது. மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்று ஒவ்வொரு வருஷமும் பேசிக்கொண்டிருக்கிற ஊரில், இதைவிட நல்ல கதைத் தொடக்கம் எனக்குக் கிடைத்திருக்காது. இரண்டு மாசம் நான் உட்கார்ந்து எழுதி வைத்திருந்த பாழடைந்த கோட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ஆற்றையே எங்கள் கதையாக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மென்பொருளைத் திறந்தேன், இப்போது கேள்விகள் எல்லாம் எளிதாகிவிட்டன. கரையோரம் நடந்தே பழகியவர், தடம் பார்க்கத் தெரிந்தவர், அப்படியென்றால் ரேஞ்சர். பழகிய நிலம் எது என்று கேட்டபோது அலையாத்திக் காட்டைச் சொன்னார், பட்டியலில் சதுப்பு இருந்தது. பின்னணி என்ற இடத்தில் மடைக்காரருக்கு ஏது இடம்? ஆனால் பின்னணியை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் ஆடுகிற 2014 விதிகளிலேயே இருக்கிறது. விரும்பிய இரண்டு திறன், கருவித் தேர்ச்சியோ மொழியோ இரண்டு. பல மென்பொருள்களில் இந்த வசதி பின்னணிப் பட்டியலோடு பட்டியலாகக் கிடக்கும், தேடினால்தான் கண்ணில் படும். டிஎம்மாக இருக்கிறவர்கள் இதை முதல் நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் ஆட்களை உள்ளே கொண்டுவர இதுதான் வாசல்.

இப்போது எல்லாரையுமே இப்படித்தான் கேட்கிறேன். மென்பொருள் கேட்கிற வரிசையில் போனால் பிள்ளைகள் படத்தைப் பார்த்து எல்ஃபைத் தொடுகிறார்கள், எந்த எண் அதிகம் வருமோ அதைத் தேடுகிறார்கள், மூன்று பேரும் ஊரும் இல்லாத உறவும் இல்லாத ஆட்களாக வந்து நிற்கிறார்கள். யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய், வீட்டில் உனக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு உள்ளே போனால் அதே மென்பொருள் நன்றாக உதவுகிறது.

சரி, அண்ணனுக்குப் பாத்திரம் தயார், அவர் படிக்கத் தாள் வேண்டுமே. மென்பொருளில் பெயரைத் தமிழில் அடித்தால் திரையில் அழகாகத் தெரியும். பிடிஎஃப் எடுத்தால் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். சித்தி மகளின் கிளெரிக் பெயர் பொன்னி. முதல் தடவை வெறும் வெற்றுக் கட்டங்கள்தான் வந்தன. வேறொரு கருவியில் எழுத்து வந்தது, ஆனால் 'பொ'வில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ப-வுக்குப் பின்னால் போய் நின்றது. டிடிபி வேலையில் இதைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. பிடிஎஃப் படிவத்தின் கட்டங்களுக்கு ஒரு எழுத்துரு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும், அதில் தமிழ் இல்லையென்றால் கட்டம்தான் வரும். தமிழ் இருந்தாலும், யூனிகோடில் முதலில் ப, அதன் பிறகுதான் கொம்பும் காலும் சேமிக்கப்படுகின்றன. அதை இடம் மாற்றி வரைகிற வேலையை மென்பொருள் செய்யவில்லையென்றால் இப்படித்தான் சிதறும். எளிய வழி, அந்த ஏற்றுமதி பொத்தானை விட்டுவிட்டு உலாவியிலிருந்தே அச்சிடு என்று கொடுத்து பிடிஎஃப் ஆகச் சேமிப்பது. உலாவிக்குத் தமிழை வரையத் தெரியும். தமிழ் சரியாகவே வரும்.

ஆனால் அண்ணனுக்கு முழுத் தாளுமே தமிழில் வேண்டும். அதனால் கூகுள் ஷீட்ஸில் நானே ஒன்று அமைத்தேன், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில். உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதால், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் மொழிபெயர்க்கத் தடை இல்லை. சொற்களுக்காக நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து செலவழித்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் எனக்கு விளையாடிய நாட்களைவிடப் பிடித்தவை. ஸ்ட்ரெங்த் வலிமை, டெக்ஸ்டெரிட்டி லாவகம், கான்ஸ்டிட்யூஷன் தெம்பு. இன்டெலிஜென்ஸுக்கும் விஸ்டமுக்கும் என்ன வித்தியாசம் என்று புதியவர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போயிருந்தேன். அண்ணன்தான் "ஒண்ணு படிப்பறிவு, ஒண்ணு பட்டறிவு" என்றார். அதற்கப்புறம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பதினெட்டுத் திறன்களில் ஸ்லைட் ஆஃப் ஹேண்டுக்கு கைவரிசை என்று தம்பி சொன்னான். இன்சைட், ஆளை எடைபோடுதல். டிசெப்ஷன், புளுகு.

இப்படிச் சொந்தமாக அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வலிமை போன்ற பண்பின் எண்ணிலிருந்து, பகடையோடு கூட்ட வேண்டிய எண்ணை எடுக்கும்போது 10 கழித்து, 2-ஆல் வகுத்து, கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும். நான் ரவுண்ட்டவுன் என்ற சூத்திரத்தைப் போட்டேன், பெயரைப் பார்த்தால் அதுதானே சரி. 15-க்கு 2 வந்தது, 12-க்கு 1 வந்தது, 8-க்கு மைனஸ் 1, எல்லாம் ஒழுங்கு. ஒருநாள் புதுப் பாத்திரம் ஒன்றுக்குப் பகடை உருட்டி எண் எடுத்தபோது 9 விழுந்தது, கூட்ட வேண்டிய எண் 0 என்று காட்டியது. மைனஸ் 1 வர வேண்டும். அந்தச் சூத்திரம் பூஜ்யத்தை நோக்கித்தான் போகும், மைனஸ் அரை என்றால் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். இன்ட் என்ற சூத்திரம்தான் உண்மையிலேயே கீழே போகும். கையால் கணக்குப் போட்டுப் பழகியிருந்ததால்தான் அந்த 0 உடனே கண்ணில் பட்டது.

எடைக் கணக்கையும் அந்தத் தாளில் மாற்றினேன். விதிப்படி வலிமையை 15-ஆல் பெருக்கினால் எத்தனை பவுண்டு சுமக்கலாம் என்று வரும். பவுண்டு யாருக்கும் பிடிபடவில்லை. வலிமை 8 என்றால் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. வலிமை 15 என்றால் 225 பவுண்டு, 102 கிலோ. கொள்முதல் நிலையத்து நெல் சிப்பம் 40 கிலோ. அப்படியென்றால் தம்பியின் மந்திரவாதி ஒரு சிப்பம் தூக்குவான், வலிமை 15 உள்ளவன் இரண்டு சிப்பம் தூக்கிவிட்டு மேலே இன்னும் 20 கிலோ வாங்குவான். சித்தப்பா மகன் இதைக் கேட்டதுமே யார் எதைச் சுமப்பது என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் இரண்டாவது பாத்திரம் செய்தது அந்த வருஷம் தீபாவளி முடிந்து. பாலடின் என்கிற புனிதப் போர்வீரன். வந்து உட்கார்ந்து காயம் ஆற்றும் மந்திரத்தைப் போட்டான், இரண்டு டி8 உருட்டினான். "அக்கா, பாலடினுக்கு மட்டும் ஏன் ரெண்டு? எனக்கு ஒண்ணுதானே?" என்றாள் சித்தி மகள். இருவர் தாளிலும் ஒரே மந்திரம், ஒரே பெயர். 2024 செப்டம்பரில் புதிய விதிநூல் வந்துவிட்டது, மென்பொருளும் புதிய பாத்திரங்களை அந்த விதியில் உருவாக்கத் தொடங்கியிருந்தது. பழையதில் க்யூர் வூண்ட்ஸ் ஒரு டி8, புதியதில் இரண்டு. பழையதில் பாலடினுக்கு மந்திரம் இரண்டாம் படியில்தான் வரும், புதியதில் முதல் படியிலேயே. பழையதில் இனத்திலிருந்து கிடைத்த எண் கூடுதல், புதியதில் பின்னணியிலிருந்து கிடைக்கிறது. இரண்டில் எது மேல் என்று நான் சண்டைக்கு வரமாட்டேன், ஒரே மேசையில் இரண்டும் இருந்தால் மட்டும் மனஸ்தாபம் நிச்சயம். நாங்கள் 2014-லேயே இருப்பது என்று பேசி முடித்தோம். அண்ணனின் மடைக்காரரைத் திரும்பச் செய்ய எனக்கு மனசில்லை, அதுவும் ஒரு காரணம். யார் புதிதாகப் பாத்திரம் செய்தாலும் முதல் திரையில் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, கூடவே டவரும் போகும். ஒரு ஞாயிறு அப்படித்தான், கொட்டகைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தோம், தம்பி மந்திரத்தின் விவரத்தைப் படிக்கப் போனால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் தன் தாளை எமர்ஜென்சி லைட்டுக்குக் கிட்டே நகர்த்தி வைத்துக்கொண்டு, "நான் தயார்ம்மா" என்றார். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் தாள் உண்டு, மந்திரம் உள்ளவர்களுக்கு மந்திர விவரமும் பின்பக்கத்தில் அச்சிட்டுத் தருகிறேன். கொஞ்சம் கனமான மேப்லித்தோ தாளில் எடுங்கள், சாதா ஜெராக்ஸ் தாள் நாலு தடவை அழித்தால் கிழிந்துவிடும். அடிக்கடி மாறும் உயிர்ப்புள்ளிக்கு மட்டும் ஒரு சின்னத் துண்டை லேமினேட் செய்து மார்க்கரில் எழுதித் துடைத்துக்கொள்கிறோம்.

மென்பொருளை விட்டுவிட்டோமா என்றால் இல்லை. படி ஏறும்போது அதைப் போல ஒன்று கிடையாது. என்னென்ன மாறுகிறது என்று ஒன்றுவிடாமல் காட்டிவிடும், கிளெரிக்கின் மந்திரக் கணக்கை ஒவ்வொரு படிக்கும் கையால் போட்டுக்கொண்டிருந்தால் விளையாட நேரம் இருக்காது. டிஎம்முக்கு இன்னொரு வசதி, ஒரே சொடுக்கில் ஆள் உருவாக்கித் தருவது. கரையோர ஊர் ஒன்றுக்குக் காவல்காரர், பரிசல்காரர், வட்டிக்கடைக்காரர் என்று பத்துப் பேர் வேண்டுமென்றால் எண்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டு பெயரை மட்டும் நான் வைக்கிறேன். அது தருகிற பெயர்களை எங்கள் மேசையில் யாராலும் வாயில் நுழைக்க முடியாது.

போன வாரம் அண்ணன் மூன்றாம் படிக்கு வந்தார். முதல் படியில் 11, இரண்டாம் படிக்கு 6-ம் தெம்புக்கு 1-ம் சேர்ந்து 18. மூன்றாவதற்கும் மென்பொருள் அதே 7-ஐச் சேர்த்து 25 என்று காட்டியது, ரேஞ்சரின் டி10-க்கு உருட்டாமல் எடுத்தால் 6 என்பதுதான் விதி. "உருட்டலாமா?" என்று கேட்டார். உருட்டலாம், அதற்கும் விதி உண்டு, ஆனால் உருட்டிவிட்டால் வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். பகடையை இரண்டு கையிலும் குலுக்கிப் போட்டார். 2. சித்தி மகள் "ஆறே எடுத்துக்கங்கண்ணே, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்றாள். "விழுந்தது விழுந்ததுதாம்மா" என்று சொல்லி, 2-ஐயும் 1-ஐயும் விரலில் கூட்டி, காதில் செருகியிருந்த பைண்டிங் பென்சிலை எடுத்து 18-ஐ அழித்துவிட்டு 21 என்று எழுதினார். நான் மென்பொருளில் அமைப்பை மாற்றி 25-ஐ 21 ஆக்கி, அவர் தாளோடு ஒருமுறை நேர் பார்த்துக்கொண்டேன்.